சனிக்கிழமை மாத்திரை

பஸ்ஸில் ஏறினால் வாந்தி வராத மனிதர்களும் உலகத்தில் இருக்கிறார்கள் என்பது எனக்கு ஒன்பது வயது வரை தெரியாது. நம் வயதுக்காரர்களில் பாதிப் பேர் என் கட்சியாகத்தான் இருப்பீர்கள். டீசல் வாடையும், வெயிலில் வெந்த ரெக்சின் சீட்டும், முன்சீட்டுக்காரியின் தலையில் வதங்கிய பிச்சிப்பூவும் கலந்து வருகிற அந்த வாசனையை நினைத்தாலே இப்போதும் எனக்கு நாக்கின் அடியில் நீர் ஊறுகிறது. எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக்கொள் என்பார்கள். புளி ஒரு சுளை வாயில் அடக்கிக்கொள் என்பார்கள். செய்தித்தாளை விரித்து அதன்மேல் உட்கார்ந்தால் வராது என்று யாரோ சொன்னதைக் கேட்டு அதையும் செய்து பார்த்தேன். கடைசியில் அந்தத் தாள் துடைக்கத்தான் உதவியது.

இன்றைக்குப் பேரப்பிள்ளைகளுக்கு ஆரஞ்சு மணக்கிற மருந்து இருக்கிறது. ஒரு மூடி குடித்துவிட்டு, காரில் படம் பார்த்துக்கொண்டே குற்றாலம் போய் வருகிறார்கள். நான் சொல்ல வந்தது நம் காலத்து வெள்ளை மாத்திரையை. அதன் பெயர் யாருக்கும் தெரியாது. வாந்தி மாத்திரை என்று கேட்டால் கம்பவுண்டர் அண்ணாச்சி பழைய நோட்டுத் தாளில் மடித்துக் கொடுப்பார். சட்டைப் பொத்தானைவிடச் சின்னது, நடுவில் ஒரு கோடு. எனக்குப் பாதிதான் அளவு. அத்தை அதைப் பாக்குவெட்டியில் வைத்து ஒரு அழுத்து அழுத்துவாள். இரண்டு பாதியும் ஆளுக்கொரு பக்கமாகத் துள்ளி ஓடும். சமையலறை முழுக்கத் தவழ்ந்து தேடுவது என் வேலை.

அப்போது நாங்கள் திருநெல்வேலி டவுனில், ரத வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் குடியிருந்தோம். அப்பா, அம்மை, அப்பாவின் அக்காவான அத்தை, நான், ஆக நாலு பேர். அப்பாவுக்கு மணிமுத்தாறுக்கு மேலே மலையில், ஒரு தேயிலைத் தோட்டத்து ஆபீசில் எழுத்து வேலை. மாதம் ஒருமுறைதான் கீழே வருவார். அத்தை இருபது வயதிலேயே புருஷனைப் பறிகொடுத்துவிட்டுத் தம்பி வீட்டுக்கு வந்தவள். வீடு அவள் கையில் இருந்தது. இடுப்பில் சாவிக்கொத்து. அவள் நடந்தால் சத்தம் வரும், நாங்கள் புத்தகத்தை எடுத்துக்கொள்வோம். நாங்கள் என்றால் நான் ஒருத்திதான். ஆனால் அம்மையும் அந்தச் சத்தம் கேட்டால் கையில் ஏதாவது வேலையை எடுத்துக்கொள்வாள்.

அந்த வருஷம் ஆனியில் சாரல் சீக்கிரமே பிடித்துவிட்டது. மலையில் தன் குவார்ட்டர்ஸ் படியில் வழுக்கி விழுந்து அப்பா காலை முறித்துக்கொண்டார். மாவுக்கட்டுப் போட்டு, ஆறு வாரம் அசையக் கூடாது என்று சொல்லிவிட்டார்களாம். அங்கே கிடைக்கும் சாப்பாடு அவருக்கு இறங்காது. யாராவது வாரம் ஒருமுறை பொடி, ஊறுகாய், தோய்த்த துணி, எல்லாம் எடுத்துக்கொண்டு போக வேண்டும். அம்மை போக முடியாது. அவளுக்கு அப்போது மசக்கை. எனக்குப் பிறகு இரண்டு குழந்தைகள் வயிற்றிலேயே கலைந்து, இது மூன்றாவது. ஆகவே அத்தை போவதென்று முடிவாயிற்று. ஒரு பொம்பிளை தனியாக மலைக்குப் போவது முறையில்லை என்பதால் அவளுக்குத் துணை நான். துணையைத் தூக்கிக்கொண்டுதான் அவள் பஸ்ஸில் இருந்து இறங்க வேண்டியிருந்தது என்பது வேறு விஷயம்.

ஏனென்றால் அந்த மாத்திரை வாந்தியை நிறுத்துகிற விதம் அப்படி. ஆளையே நிறுத்திவிடும். சனிக்கிழமை காலையில் பாதியை விழுங்கிவிட்டுப் புறப்பட்டால், பேட்டைத் தொழிற்கூடங்களின் தட்டல் சத்தம் தேயும் முன்பே என் கண் செருகும். அது முழுத் தூக்கமும் இல்லை. யாரோ பேசுவது கேட்கும். அது எனக்குத் தெரிந்த குரலாகவும் தெரியாத குரலாகவும் இருக்கும். பத்தமடையில் யாரோ புதுப் பாய்க்கட்டோடு ஏறுவார்கள். ஈரக் கோரையின் வாசனை முகத்தின்மேல் வந்து படுக்கும். பிறகு எங்கேயோ ஆறு. ஆற்றை நான் பார்க்கவில்லை, மூடிய இமைக்குள் வெளிச்சம் பச்சையாக மாறியதால் ஆறு என்று நினைத்துக்கொண்டேன். அத்தையின் மடியில் விபூதியும் மிளகாய்ப்பொடியும் கலந்து மணக்கும். ஜன்னலுக்குக் கண்ணாடி கிடையாது, உருட்டிக் கட்டிய படுதாதான். மலையேறும்போது அதை அவிழ்த்துவிடுவார்கள். சாரல் அதன்மேல் பொரிகிற சத்தத்தில் எனக்கு என்னென்னவோ கனவு வரும். கண் விழித்தால் அப்பாவின் கட்டிலில் கம்பளிக்குள் கிடப்பேன். முதல் இரண்டு வாரமும் நான் மலைக்குப் போனது இப்படித்தான். வழி என்று ஒன்று இருந்ததே எனக்குத் தெரியாது.

இதற்கிடையில் கீழே, வீட்டில், அம்மை காய்ந்துகொண்டிருந்தாள். மசக்கை என்றால் காலையில் இரண்டுமுறை ஓங்கரித்துவிட்டு மாங்காய் தின்பது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அம்மைக்கு அப்படி இல்லை. சோறு வேகிற வாசனைக்கு வாந்தி. சோப்பு வாசனைக்கு வாந்தி. குடித்த தண்ணீர் அப்படியே திரும்பி வரும். கட்டிலுக்கு அடியில் ஒரு பீங்கான் போணி எப்போதும் இருக்கும். அதைக் கழுவிக் கழுவி வைப்பது நான். நீல விளிம்பு போட்ட வெள்ளைப் போணி. ஒரு மாதத்தில் அம்மையின் வளையல்கள் முழங்கை வரை ஏறி இறங்கின. உதடு வெடித்திருந்தது. என்னைப் பார்த்துச் சிரிக்கும்போது அந்த வெடிப்பில் ரத்தம் பொடிக்கும், அதனால் நான் அவளைச் சிரிக்க வைக்காமல் இருக்கப் பழகிக்கொண்டேன்.

அத்தையே அவளை வண்ணார்பேட்டையில் ஒரு லேடி டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனாள். நானும் போனேன். டாக்டரம்மா அம்மையின் நாக்கைப் பார்த்தார், கண்ணைப் பார்த்தார், தினம் ஒன்று கொடுங்கள் என்று சொல்லி ஒரு பொட்டலம் மாத்திரை கொடுத்தார். வீட்டுக்கு வந்ததும் அத்தை பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்தாள். நானும் எட்டிப் பார்த்தேன். வெள்ளை மாத்திரை, நடுவில் கோடு. என்னுடைய பஸ் மாத்திரையேதான்! அத்தை அதைத் திரும்ப மடித்துப் பீரோவுக்குள் வைத்துப் பூட்டினாள்.

"மதினி, ஒரே ஒண்ணு மட்டும் தாங்களேன். தண்ணி கூட இறங்க மாட்டேங்கு" என்றாள் அம்மை.

"வாந்தி எடுத்தாத்தான் பிள்ளை தங்கியிருக்குன்னு அர்த்தம். அத நிப்பாட்டுனா வயித்துல உள்ளதும் நின்னுரும். டாக்டருக்கு என்ன, எழுதிக் கொடுத்துட்டுப் போயிருவாவ. ரெண்டு போயாச்சு. இதையும் போக்கடிக்கவா? பல்லக் கடிச்சிக்கிட்டுக் கெட."

அம்மை சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அத்தை காபியைக் கொண்டுவந்து கட்டிலுக்கு எதிரே தரையில் வைத்துவிட்டுப் போனாள். அதையும் சொல்ல வேண்டும். அம்மைக்கு மசக்கை என்று தெரிந்த நாளிலிருந்து அத்தை எதையும் அம்மையின் கையில் கொடுப்பதில்லை. தண்ணீர், காபி, கஞ்சி, எதுவானாலும் தரையில் வைப்பாள், இரண்டடி பின்னால் போய் நிற்பாள். "நாய்க்கு வைக்க மாதிரி வைக்கா பாரு" என்று அம்மை என்னிடம் ஒருநாள் சொல்லி அழுதாள். எனக்கு அத்தையைப் பிடிக்காமல் போயிற்று. ஒன்பது வயதுக்கு வெறுப்பு கொஞ்சமாக எல்லாம் வராது, மொத்தமாக வந்தது.

மூன்றாவது சனிக்கிழமை, பாதி மாத்திரையை வாயில் போட்டேன். "ஆ காட்டு" என்றாள் அத்தை. காட்டினேன். மாத்திரை கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் இருந்தது. அத்தை பை எடுக்கப் போன நேரத்தில் அம்மையின் அறைக்கு ஓடி, அதை வெளியே எடுத்து, பாவாடையில் துடைத்து நீட்டினேன்.

"எம்மா, இந்தா. முழுங்கு."

"ஏட்டி, இது உன் மாத்திரைல்லா? நீ பஸ்ல என்ன செய்வ?"

எனக்கு ஈறும் நாக்கின் ஓரமும் மரத்துப் போயிருந்தன. "எனக்கு இப்பல்லாம் வரல" என்று சொன்னது எனக்கே வேறு யாரோ பேசியதாகக் கேட்டது. அம்மை கையை நீட்டினாள். எச்சில் பட்ட, ஓரம் கரைந்த அந்தப் பாதி மாத்திரையைத் தண்ணீர் கூட இல்லாமல் விழுங்கிவிட்டாள். குழந்தையின் மருந்தைப் பிடுங்கித் தின்கிறோமே என்று அவள் நினைத்தாளா, எனக்குத் தெரியாது. நினைக்கும் நிலையில் அவள் இல்லை.

அன்றுதான் நான் முதல்முதலாக அந்த வழியைப் பார்த்தேன். பேட்டை தாண்டும்போதே வயிறு புரள ஆரம்பித்துவிட்டது. ஆனால் கண் திறந்திருந்தது. பத்தமடையில் சாயம் ஏற்றிய கோரை கொடிகளில் சிவப்பும் பச்சையுமாகத் தொங்கியது. சேரன்மகாதேவிப் பக்கம் நிஜமாகவே ஆறு வந்தது. நான் இமைக்குள் பார்த்த பச்சை அல்ல, கலங்கிய பழுப்பு. கல்லிடைக்குறிச்சியில் கால்வாய்த் தண்ணீர் ரோட்டோடு கூடவே ஓடி வந்தது. மணிமுத்தாறு அணையைப் பார்த்தபோது வாயைப் பிளந்தேன். அப்படியே வாந்தியும் எடுத்தேன். மலை ஏறத் தொடங்கியதும் கேட்கவே வேண்டாம். ஒரு வளைவுக்கு ஒரு வாந்தி. நடுவில் கிடைத்த நேரத்தில் மேகம் மரத்துக்குள் புகுந்து போவதைப் பார்த்தேன், பாறையில் கோடு கோடாக இறங்கும் தண்ணீரைப் பார்த்தேன். இவ்வளவும் இத்தனை நாள் என்னைக் கேட்காமல் இங்கே நடந்துகொண்டிருந்திருக்கிறது. தலை கனத்து, கண் இருண்டு, தொண்டை எரிந்து, நான் அவ்வளவு சந்தோஷமாக இருந்தேன். எங்கேயோ கீழே அம்மையின் வயிற்றில் என் மாத்திரை வேலை செய்துகொண்டிருக்கிறது என்று ஒவ்வொரு வளைவிலும் நினைத்துக்கொண்டேன்.

அத்தைக்கு ஒன்றும் புரியவில்லை. "பாதி பத்தல போலுக்கு. பிள்ளைக்கு உடம்பு தேறிட்டுல்லா, முழுசாத்தான் கொடுக்கணும்" என்று முடிவு கட்டினாள். கட்டிலில் மாவுக்கட்டுக் காலை நீட்டிக் கிடந்த அப்பாவும், "ஆமா, பாவம், வெளிறிப் போய் வந்திருக்கு" என்று ஒத்துக்கொண்டார். பெரியவர்கள் எவ்வளவு தீவிரமாக யோசித்து எவ்வளவு தவறான முடிவுக்கு வருவார்கள் என்பதை அன்று நான் கண்ணாரப் பார்த்தேன். அதனால் எனக்கு லாபம். ஞாயிற்றுக்கிழமை கீழே இறங்கும்போது முழு மாத்திரை. கன்னத்தில் அடக்கி, அத்தை அந்தப் பக்கம் திரும்பியதும் எடுத்து, பஸ் டிக்கெட்டில் மடித்து, உள்பாவாடை முடிச்சில் வைத்துக்கொண்டேன். ஞாயிறு சாயங்காலம் அம்மை அதை விழுங்கினாள். திங்கட்கிழமை காலையில் நான் பள்ளிக்கூடம் கிளம்பும்போது இரண்டு இட்லியைப் பால் ஊற்றிப் பிசைந்து தின்றுகொண்டிருந்தாள். பார்த்துக்கொண்டே நின்றதில் எனக்கு மணி அடித்துவிட்டது.

ஆனால் வாரத்துக்கு இரண்டு மாத்திரை எந்த மூலைக்கு? செவ்வாய்க்கிழமை மறுபடி போணி நிறையும். வெள்ளிக்கிழமைக்குள் அம்மை சுருண்டுவிடுவாள். சனிக்கிழமை எப்போது வரும் என்று அவள் கேட்க மாட்டாள். என் முகத்தைப் பார்ப்பாள். இருவரும் சனிக்கிழமைக்காகவே உயிரை வைத்துக்கொண்டிருந்தோம்.

ஐந்தாவது வாரம் அகப்பட்டுக்கொண்டேன். ஞாயிறு காலை, மலையிலிருந்து இறங்கும் பஸ் வழக்கத்துக்கு முன்பே புறப்பட்டுவிட்டது. அத்தை என் பக்கத்தில் என்னையே பார்த்து உட்கார்ந்திருந்தாள். கன்னத்தில் இருந்த மாத்திரையை எடுக்க வழியில்லை. அது கரையத் தொடங்கிவிட்டது. கசப்பு தொண்டைக்கு இறங்கியது, உதடு மரத்தது, எச்சில் என் பேச்சைக் கேட்காமல் ஓரத்தில் வழிந்தது. மூன்றாவது வளைவில் எல்லாம் ஒன்றாக வந்துவிட்டது. அத்தை எப்போதும் போல முந்தானையை ஏந்தினாள். அந்த ஏந்தலில், அப்பா வீட்டு உப்புமாவுக்கு நடுவே, ஊறிப்போன வெள்ளை மாத்திரை கிடந்தது.

அத்தை முந்தானையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டாள். மணிமுத்தாற்றில் பஸ் நின்று, டிரைவரும் கண்டக்டரும் டீ குடிக்கப் போனதும் என்னைக் கால்வாய் படிக்கட்டுக்கு இழுத்துக்கொண்டு போனாள். முந்தானையை அலசினாள். என் முகத்தைக் கழுவினாள். பிறகு கேட்டாள்.

"எத்தன நாளா நடக்கு இது?"

நான் உள்பாவாடை முடிச்சைப் பிடித்துக்கொண்டேன். வாய் மரத்திருந்தது.

"கேக்கேம்லா? முழுங்காம என்ன செய்யுத? தூரப் போடுதியா?"

"அம்மைக்குக் கொடுக்கேன்."

அத்தை அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். அடி விழும் என்று தோளைக் குறுக்கிக்கொண்டு நின்றேன். அடி விழவில்லை.

"எத்தன தின்னா?"

விரல் விட்டு எண்ணினேன். "பாதி ஒண்ணு. முழுசு நாலு."

"வயித்த வலிக்குன்னாளா?"

"இல்ல. மறுநா இட்லி தின்னா. அன்னைக்கு மட்டுந்தான் அம்மை திங்கா, அத்தே. மத்த நாள் செத்துப் போனவ மாதிரி கெடக்கா. நீங்கதான் பூட்டி வச்சிருக்கீங்க." இதைச் சொல்லும்போது எனக்கு அழுகை வந்துவிட்டது. அழுதுகொண்டே சொல்லிவிட்டேன், "உங்களை எனக்குப் பிடிக்கல."

அத்தை தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அணையிலிருந்து திறந்துவிட்ட புதுத் தண்ணீர், ஓரமெல்லாம் நுரை. "எனக்கும் ஒண்ணு தங்குச்சுட்டி" என்றாள். "உனக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டாவ. இப்பிடித்தான் எடுத்துச்சு. ஒரு மாத்திரை வாங்கித் தின்னேன். எந்த மாத்திரையோ, என்ன மாத்திரையோ. ஏழாம் நா எல்லாம் போயிட்டு. அந்த வருசமே அவுகளும் போயிட்டாவ."

அப்போது அது எனக்குப் பாதிதான் புரிந்தது. மறுபடி பஸ்ஸில் ஏறினோம். பத்தமடை வந்தபோது என் தலையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். கன்னத்தில் கரைந்து தொண்டையில் இறங்கிய மிச்சம் தன் வேலையைக் காட்ட, நான் பழையபடி அந்தப் பாதித் தூக்கத்துக்குள் போனேன். அவள் வயிறு குலுங்குவது என் காதுக்குத் தெரிந்தது. ரோடு மோசம் என்று நினைத்துக்கொண்டேன். அவள் அழுதிருக்கிறாள்.

மறுநாள் காலை அம்மையின் அறை வாசலில் வெகுநேரம் நின்றாள். உள்ளே போகவில்லை. பிறகு என்னைப் பீரோ பக்கம் கூப்பிட்டாள். கதவைத் திறந்து, பொட்டலத்தை முந்தானையால் பிடித்து எடுத்து, "கைய நீட்டு" என்றாள். நீட்டினேன். ஒரு மாத்திரையை என் உள்ளங்கையில் உருட்டிவிட்டாள். விரலால் தொடவில்லை.

"போய்க் கொடு. இனிமே தெனமும் காலைல வந்து வாங்கிக்கிடு. யாரு கொடுத்தான்னு கேட்டா கம்பவுண்டர்ட்ட வாங்கினேன்னு சொல்லு. நான் கொடுத்தேன்னு மூச்சு விடக் கூடாது."

"நீங்களே கொடுங்களேன், அத்தே."

"ஏட்டி, என் கை என்ன கைன்னு தெரியும்லா? புருசனையும் பிள்ளையையும் தின்ன கை. மாசமா இருக்கவளுக்கு நான் ஒரு வாய் தண்ணி நீட்டலாமா? அவளுக்கு இதுக்கு முந்தி ரெண்டு போனதும் நான் ஊட்டிவிட்டதுனாலதானோ என்னவோ. இது என் கை படாமப் பொழைக்கட்டும். நான் கொடுத்தேன்னு தெரிஞ்சா அவளுக்கும் பயம் வந்துரும். பைய போ, கொண்டு கொடு."

தரையில் வைத்துவிட்டு இரண்டடி பின்னால் நின்றாளே, அதன் அர்த்தம் இதுதான். அம்மைக்கு அதை யாராவது சொல்லியிருக்க வேண்டும். சொல்ல வேண்டிய ஆள் ஒன்பது வயதில் உள்ளங்கையில் மாத்திரையோடு நின்றுகொண்டிருந்தது.

அம்மை கேட்டாள். "எங்கனட்டி கெடச்சுது?" நான் சொன்னேன். "கம்பவுண்டர் அண்ணாச்சிட்ட போய்க் கேட்டேன். எங்கம்மை செத்துருவான்னு அழுதேன். கொடுத்தாரு. தெனம் தாரேன்னாரு." அழுதேன் என்பதை அத்தை சொல்லிக்கொடுக்கவில்லை. அதை நானே சேர்த்துக்கொண்டேன். அம்மை என் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஒரு பார்வை பார்த்தாள். அதுவரை யாரும் என்னை அப்படிப் பார்த்ததில்லை.

அதன்பின் எல்லாம் சாரலில் நனைந்தபடி நல்லவிதமாகப் போயிற்று. அம்மை பத்து நாளில் எழுந்து உட்கார்ந்தாள். ஆடி முடிவில் குளத்து மீன் மாதிரி பளபளவென்று ஆகிவிட்டாள். அப்பா தடியூன்றிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். வளைகாப்பு அன்று தெருவே வந்து அம்மைக்கு வளையல் போட்டது. அத்தை அடுப்படியில் ஐந்து வகைச் சாதம் கிளறிக்கொண்டிருந்தாள், முற்றத்துக்கு வரவில்லை. தை மாதம் தம்பி பிறந்தான். நாலு கிலோ இருப்பான், தொண்டை பஸ் ஹாரன். அம்மை நன்றிக்கடனாகக் கம்பவுண்டருக்கு ஒரு கட்டுப் பனங்கிழங்கு கொடுத்தனுப்பினாள். அவர் எதற்கென்று புரியாமலே வாங்கிக்கொண்டார். கொண்டுபோய்க் கொடுத்தது நான்தான். அவர் ஏதும் கேட்பதற்குள் ஓடி வந்துவிட்டேன்.

இத்தோடு முடிந்திருந்தால் இதை உங்களிடம் சொல்லவே வந்திருக்க மாட்டேன். அம்மை அந்த மாதத்தை மறக்கவில்லை. "எம்மக இல்லன்னா நானும் இல்ல, இவனும் இல்ல. அந்தப் பொம்பள மருந்தப் பூட்டி வச்சு என்னக் கொல்லப் பாத்தா" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னாள். தம்பிக்கு ஒரு வயது ஆனதும் அப்பாவிடம் ஒற்றைக் காலில் நின்று பேட்டையில் தனி வீடு பார்க்க வைத்தாள். நாங்கள் சாமான் ஏற்றிக்கொண்டு போன அன்று அத்தை வாசல்படியில் நின்றாள். சாவிக்கொத்து இடுப்பில்தான் இருந்தது, பூட்டித் திறக்கத்தான் ஒன்றும் இல்லை.

தீபாவளிக்குத் தீபாவளி அத்தை ஒரு தூக்குவாளி நிறைய, பயற்றை வெல்லப்பாகில் உருட்டிப் பொரித்த முந்திரிக்கொத்து கொண்டுவருவாள். அம்மை "வைங்க, மதினி" என்பாள். அத்தை போனதும் அதை அப்படியே பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிடுவாள். எங்களைத் தொட விட மாட்டாள். எனக்கு முந்திரிக்கொத்து அவ்வளவு பிடிக்கும். பக்கத்து வீட்டுப் பிள்ளை மதில்மேல் உட்கார்ந்து கடக்கு முடக்கு என்று கடிக்கிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நான் உள்ளே இருப்பேன்.

கல்லூரிக்குப் போகிற வயதில் ஒருநாள் அத்தையைப் பார்க்கப் போனபோது கேட்டேன். "அத்தே, அம்மைட்ட நான் சொல்லிரட்டா? இனிமே என்ன?"

அவள் பயறு புடைத்துக்கொண்டிருந்தாள். "உனக்குச் சொல்லணும்னா சொல்லு. இனிமே அதுக்கு ஒண்ணும் இல்ல. அவன் வளந்துட்டான்." முறத்தை ஒருமுறை தட்டிவிட்டு, "அவ உன்னப் பத்திச் சொல்லும்போது அவ முகத்தப் பாத்திருக்கியா நீ?" என்றாள். அவ்வளவுதான். சொல்லாதே என்று சொல்லவில்லை. சொல் என்றும் சொல்லவில்லை.

நான் சொல்லவில்லை. அத்தை செத்தபோது அம்மை வந்தாள். ஓரமாக உட்கார்ந்திருந்தாள். கண்ணில் தண்ணீர் இல்லை. வந்திருந்த ஒரு கிழவியிடம், "மருந்தப் பூட்டி வச்சவுக. எம்மகதான்..." என்று அந்தக் கதையை அங்கேயும், அத்தையின் தலைமாட்டில் இருந்துகொண்டே, மெல்லிய குரலில் ஆரம்பித்தாள். நான் எழுந்து பின்கட்டுக்குப் போய் வாந்தி எடுத்தேன். வெறும் வயிறு, பஸ்ஸும் இல்லை. காலையிலிருந்து சாப்பிடாததால் என்று எல்லோரும் சோடா கொடுத்தார்கள். அன்றைக்கும் சொல்லவில்லை.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அம்மையும் போனாள். போன மாதம் அவள் திதிக்குக் கூடியிருந்தபோது, ஐம்பத்தைந்து வயதான என் தம்பி தன் பேரனை மடியில் வைத்துக்கொண்டு எல்லோருக்கும் கதை சொன்னான். ஒன்பது வயதில் கம்பவுண்டர் காலில் விழுந்து அழுது மாத்திரை வாங்கி வந்த அக்காவின் கதை. இத்தனை வருஷத்தில் கதை வளர்ந்து நான் காலில் விழவும் செய்திருக்கிறேன். பேரன் என்னை நிமிர்ந்து பார்த்தான், அம்மை பார்த்த அதே பார்வை. தாங்க முடியவில்லை. சாப்பாடு முடிந்ததும் தம்பியைத் தனியே கூப்பிட்டு எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

"எக்கா, அத்தை என்னயத் தூக்கியிருக்காளா?" என்று கேட்டான்.

நினைத்துப் பார்த்தேன். பேட்டைக்குப் போகும் வரை அந்த ஒரு வருஷம் அவன் கூடத்தில் பாயில் கிடப்பான். அத்தை பக்கத்தில் உட்கார்ந்து விசிறுவாள். அழுதால் என்னைக் கூப்பிடுவாள். "இல்லப்பா. தூக்கினதில்ல" என்றேன்.

"அம்மை சாகுத வரைக்கும் அவளைத் திட்டிக்கிட்டேல்லா இருந்தா. நீ ஏங்க்கா சொல்லல?"

"அத்தை சத்தியம் வாங்கிட்டா. என்ன செய்ய?" என்றேன். அவன் தலையை ஆட்டினான். என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீயும் பாவம், எத்தன வருசம் மனசுக்குள்ள வச்சிருந்திருக்க" என்று ஆறுதல் சொன்னான்.

சத்தியமெல்லாம் இல்லை. கம்பவுண்டர் கொடுத்தார் என்று நான் சொன்னபோது அம்மை என்னைப் பார்த்தாளே, அந்தப் பார்வை எனக்கு வேண்டியிருந்தது. அதில் பாதியை அத்தைக்குக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. தம்பியிடம் இன்னும் மாற்றிச் சொல்லவில்லை.